இன்றைய நல்ல தப்பு

இடி டீச்சர் யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேரைக் கேட்டதும் ஆளாளுக்கு ஒன்றைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவர் அடித்தது மேசையை மட்டும்தான். ஸ்டீல் ஸ்கேலைத் தூக்கி ஒரு போடு போட்டால், பக்கத்து வகுப்பில் தூங்கிக்கொண்டிருக்கிற பையன் திடுக்கென்று எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பான். மேசையின் விளிம்பு எலி கொறித்த பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது.

குரல், அப்பா விட்டுப்போன சொத்து. அப்பா பஸ் கண்டக்டர். முன்படியில் நின்றபடி பின்படியில் தொங்குகிறவனை உள்ளே ஏற வைக்கிற குரல். வேறு சொத்து எதையும் அவர் வைக்காததால், டீச்சர் அந்தக் குரலை வைத்தே பிழைப்பு நடத்திவந்தார். ஐந்தாம் வகுப்பு, கணக்கு. உயரம் கம்மி, கோபம் ஜாஸ்தி. காலையில் வராந்தாவில் வருகிற செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்குத் தூறலா, புயலா என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சரியான விடை சொன்னால் மற்ற டீச்சர்கள் "வெரிகுட், உட்காரு" என்பார்கள் இல்லையா? இவர் "சரி. ஏன்?" என்பார். தப்பாகச் சொன்னாலும் அதே முகம், அதே "சரி. ஏன்?" முகத்தைப் பார்த்து விடை சரியா தப்பா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சீட்டாடப் போயிருந்தால் ஊரையே சுருட்டியிருப்பார். ஆகவே ஐந்தாம் வகுப்பில் யாரும் குருட்டாம்போக்கில் விடை சொல்வதில்லை. சொன்னால் அடுத்து வருகிற 'ஏன்'இல் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும்.

இன்னொன்று, கரும்பலகையின் வலது மேல் மூலை. அங்கே ஒரு கட்டம் போட்டு, 'இன்றைய நல்ல தப்பு' என்று தலைப்பு எழுதியிருப்பார். எந்தத் தப்பு வேண்டுமானாலும் அதில் ஏறிவிட முடியாது. சோம்பேறித் தப்பு, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதின தப்பு, கொட்டாவி விடும்போது கைதவறின தப்பு இதற்கெல்லாம் அங்கே இடமில்லை. மூளையைக் கசக்கிப் பண்ணின தப்பாக இருக்க வேண்டும். புள்ளி மூன்றைவிடப் புள்ளி இரண்டு ஐந்துதான் பெரியது என்று ஒருவன் சொன்னான். ஏன்? "இருபத்தஞ்சு பெருசு, மூணு சின்னது டீச்சர்." அந்தத் தப்பு கட்டத்தில் ஏறியது, கீழே அவன் பேரின் முதல் எழுத்தோடு. சாயங்காலம் அவன் தன் அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து காட்டினான். மகன் ஏதோ பரிசு வாங்கிவிட்டான் என்று அந்த அம்மா போட்டோ பிடித்துக்கொண்டு போனார்.

இப்படி இருந்த வகுப்பில்தான் டேப் என்கிற கையடக்கத் திரை வந்து இறங்கியது.

கொண்டுவந்தது யார் என்று கேட்டால் டீச்சருக்கு இன்றைக்கும் காது சிவக்கும். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் (எல்லாருக்கும் அவர் பெரிய சார்) "பிள்ளைக்கு ஒரு டேப், சுவருக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு. யார் வகுப்புல முதல்ல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். அத்தனை பேரும் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரே ஒரு கை மேலே போனது. இடி டீச்சரின் கை. அவர் மெஷினைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. வீட்டுக்காரர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் பாதி நேரம் வயிறு திறந்த போன்கள்தான் கிடக்கும். டீச்சர் போட்ட கணக்கு எளிமையானது. வகுப்பில் நாற்பது சொச்சம் பிள்ளைகள். தினமும் நோட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திருத்த வேண்டியிருக்கிறது. சரியா தப்பா என்று பார்க்கிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால், ஏன் என்று கேட்கிற வேலைக்குத் தனக்கு நேரம் கிடைக்கும். இதில் என்ன ஓட்டை இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதனால்தான் பிற்பாடு அவ்வளவு ஆத்திரம்.

ஸ்மார்ட் போர்டைக் கரும்பலகையின் மேலேயே வைத்து முடுக்கினார்கள். வலது மேல் திருகு, நேராக நல்ல தப்பின் கட்டத்துக்குள் இறங்கியது.

"தம்பி, அங்க எழுதுவேன் நான்."

"ஓரமா எழுதிக்கோங்க மேடம்" என்றான் துளை போட்டவன். போர்டு கரும்பலகையை முழுசாக விழுங்கிவிட்டது. அவன் சொன்ன ஓரம் அந்தச் சுவரில் எங்கேயும் இல்லை.

பயிற்சி கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கழுத்தில் அட்டை, முகத்தில் அழியாத சிரிப்பு. பிள்ளைகள் அவருக்குப் 'பளிச்' என்று பேர் வைத்தார்கள்.

"மேடம், இனிமே நீங்க டீச்சர் இல்ல. வழிகாட்டி."

"சம்பளம் ஏறுமா?"

"இல்ல மேடம்."

"அப்ப நான் டீச்சராவே இருந்துக்கறேன்."

முதல் சில வாரம் சொர்க்கம். வகுப்பில் சத்தமே இல்லை. நாற்பது தலையும் குனிந்திருந்தன. டீச்சர் பல மாதமாகக் குடிக்காத சூடான டீயைச் சூடாகவே குடித்தார். பிள்ளைகளின் பேருக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டுகிற பக்கம் ஒன்று பெரிய சாரின் கணினியில் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் பச்சை புல்வெளியாக விரிந்தது. அதற்குள் டேப் வந்துவிட்ட மற்ற வகுப்புகளையும் சேர்த்துப் பள்ளியிலேயே முதலிடம். எல்லாருக்கும் மேலே புல்லட். எப்போதும் வண்டி ஓட்டுகிற சத்தத்தை வாயால் எழுப்பிக்கொண்டே நடப்பதால் அந்தப் பையனுக்கு அந்தப் பேர். பின்னங்கள் பாடத்தை அவன் ஒரே பீரியடில் முடித்து 'நிபுணர்' பட்டம் வாங்கியிருந்தான்.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. பழைய ஆசையில் டேப்பை எல்லாம் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். "முக்கால் மீட்டர் துணி இருக்கு. அதுல பாதியை வெட்டி எடுத்தா எவ்வளவு? டேய் புல்லட், நீ சொல்லு."

புல்லட் எழுந்தான். முழித்தான். அவனுடைய ஆள்காட்டி விரல் காற்றில் எதையோ தேடித் தட்டியது.

"ஆப்ஷன் சொல்லுங்க டீச்சர்."

"என்னது?"

"நாலு ஆப்ஷன் சொல்லுங்க டீச்சர். சொல்லிடறேன்."

கேலி பண்ணவில்லை. அவன் நிஜமாகவே, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறவன் மாதிரி, ஆப்ஷன் கேட்டான். மற்ற பிள்ளைகளும் ஆப்ஷனுக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்த பீரியடில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்து, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நின்று பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கேள்வி வந்தது. புல்லட் அதைப் படிக்கவே இல்லை. ஏதோ ஒன்றைத் தட்டினான். டொய்ங், தப்பு. இன்னொன்றைத் தட்டினான். டொய்ங், தப்பு. பிள்ளை மனம் உடைந்துவிடக் கூடாதே என்று டேப், சரியான விடையைத் தானே மினுமினுக்கச் செய்தது. அதைத் தட்டினான். பாதி நட்சத்திரம். சீக்கிரம் முடித்ததற்குக் கூடுதலாக இன்னொரு பாதி. மொத்தம் ஒரு முழு நட்சத்திரம். டட், டட், டட். அடுத்த கேள்வி. வகுப்பு முழுக்க அதே தாளம். ஒரு தட்டச்சுப் பள்ளிக்கூடத்துக்குள் நின்ற மாதிரி இருந்தது. தான் அமைதி என்று நினைத்து டீ குடித்துக்கொண்டிருந்தது இதற்கு நடுவில்தான்.

"யாருடா கண்டுபிடிச்சது இதை?"

புல்லட் பயத்தோடும் கொஞ்சம் பெருமையோடும் கையைத் தூக்கினான்.

டீச்சருக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஒரு மெஷின் எப்படி யோசிக்கிறது என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்த மண்டை அது. அந்த மண்டைக்கு முக்காலில் பாதி எவ்வளவு பெரிய விஷயம்? அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கோபம் எல்லாம் அந்த மினுமினுப்பின் மேல் வந்தது. தப்பு செய்தால் ஒரு டொய்ங், அவ்வளவோடு தப்பு காணாமல் போய்விடுகிறது. என்ன தப்பு, ஏன் வந்தது என்று ஒரு ஜீவனும் கேட்பதில்லை.

வகுப்பில் அந்தத் தாளத்துக்குள் சேராத விரல் ஒன்றுதான். ஆமை.

பிள்ளைகள் வைத்த பேர்தான், அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள். அம்மா தையல்காரர். ஆமை எதையும் யோசிக்காமல் செய்யமாட்டாள். ஜன்னலை மூடச் சொன்னால்கூட, மழை வருமா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவாள். பழைய கரும்பலகைக் காலத்தில் நல்ல தப்புக் கட்டத்தில் அதிகம் ஏறியது அவள் எழுத்துதான். டேப் வந்த பிறகு, கேள்வியைப் படிப்பாள், பெஞ்சில் விரலால் கோடு போடுவாள், அழிப்பாள், மறுபடி போடுவாள். அதற்குள் 'நேரம் முடிந்தது' என்று டேப் அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். பேருக்கு எதிரே சிவப்பு. நாளுக்கு நாள் அடர்த்தியான சிவப்பு. புல்லட் அவளுக்கு ரகசியத்தைச் சொல்லியும் கொடுத்தான். "சும்மா ரெண்டு தட்டு தட்டு, அதுவே சொல்லிடும்." அதற்கு அவள், "தெரியாமயே தட்டணுமா?" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு வகுப்பில் அவள் குரல் கேட்கவில்லை. கையைத் தூக்குவதில்லை. கூப்பிட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள்.

சிவப்பில் இருக்கிற பிள்ளைகளைத் 'தனிக் கவனப் பிரிவு'க்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. பேர் நன்றாகத்தான் இருக்கிறது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிற அறைக்குப் பக்கத்து அறை அது. காலையிலிருந்து மாலை வரை காதில் ஹெட்போன், கையில் டேப். டீச்சர் கிடையாது. தனிக் கவனம் என்றால் பிள்ளை தனியாக இருந்து கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்போல. வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஆமையின் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவாகியிருந்தது.

டீச்சர் பெரிய சாரின் அறைக்குள் போனார். கதவைத் தட்டவில்லை. கதவுக்கு அது புதிதும் இல்லை.

"சார், அந்தப் பொண்ணை அங்க அனுப்பக் கூடாது."

"நான் எங்கம்மா அனுப்பறேன்? ரிப்போர்ட் சொல்லுது."

"அந்த ரிப்போர்ட்டே பொய் சார். பசங்க படிக்காம தட்டறாங்க. ரெண்டு தப்பு பண்ணா அதுவே விடையைக் காட்டிடுது."

அங்கே உட்கார்ந்திருந்த பளிச்சின் சிரிப்பு கொஞ்சமும் மங்கவில்லை. "அது உதவி வசதி மேடம். குழந்தைங்க துவண்டுடக் கூடாதுல்ல."

"யோசிக்கிற குழந்தைதான்யா துவண்டு கிடக்கு!"

"உங்க வகுப்புதான் முதலிடம்" என்றார் பெரிய சார். "முதலிடத்துல இருந்துக்கிட்டு நீங்களே குறை சொன்னா, கடைசில இருக்கறவங்க என்னம்மா சொல்லுவாங்க? அந்தப் பொண்ணு பச்சையா இருந்தா நானா சிவப்புன்னு சொல்லப்போறேன்? மேலும், முதல்ல கை தூக்கினது யாரு?"

டீச்சர் வெளியே வந்து, அடிக்க மேசை கிடைக்காமல், வராந்தாத் தூணை ஒரு உதை உதைத்தார். தூண் அப்படியே நின்றது. கட்டைவிரல்தான் வீங்கியது.

அன்று சாயங்காலம் ஆமையின் டேப்பைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். எந்தக் கேள்வியில் எந்த இடத்தில் நேரம் முடிகிறது என்று தானே உட்கார்ந்து பார்த்து, பெரிய சாரிடம் சண்டை போட ஆதாரம் சேர்ப்பதாக எண்ணம். முதல் கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் இறக்கிவிட்டு வருவதற்குள், 'நேரம் முடிந்தது! கவலை வேண்டாம், மெதுவாகக் கற்பவர்களும் வெல்லலாம்!' என்றது டேப்.

"யாரைப் பார்த்து மெதுன்னு சொல்றே?" என்று டேப்பைப் பார்த்துக் கத்திவிட்டு, அதைக் கட்டிலில் வீசிவிட்டு, பொங்கி வழிந்த பாலைத் துடைக்கப் போனார்.

கட்டிலில் வாலு இருந்தான். டீச்சரின் மகன். மூன்று வயது. எண் என்றால் அவனுக்கு ஒரே எண்தான், ரெண்டு. எத்தனை கண்? ரெண்டு. எத்தனை விரல்? ரெண்டு. அப்பாவுக்கு என்ன வயசு? ரெண்டு.

துடைத்து முடிப்பதற்குள் அறையிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. நிற்காமல் கேட்டது. எட்டிப் பார்த்தால், திரையில் ஒரு கரடி இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. எதிரே வாலுவும் ஆட்டிக்கொண்டிருந்தான். கரடி நின்றதும் அவன் டட், டட் என்று கண்ட இடத்தில் தட்டினான், பிறகு மினுமினுப்பதைத் தட்டினான். மினுமினுக்கிற எதையும் தட்டாமல் விடுகிற வயதா அது? கரடி மறுபடி ஆடியது. டீச்சர் கண்முன்னாலேயே திரையில் காகிதப் பூ கொட்டியது. 'அருமை! நீ இப்போது பின்னங்களில் நிபுணர்!' மேலே, ஆமையின் பேர். பேருக்குப் பக்கத்தில் பச்சை.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சரம்மா, உன் பையன் அஞ்சாம் வகுப்பு பாஸ். நேரா ஆறுல சேர்த்துடலாம்."

"சிரிக்காதீங்க! நெஞ்சு எரியுது எனக்கு."

சிரிப்பை நிறுத்தியதும் அவர் சொன்னது வேறு. "நான் ஒண்ணு சொல்லவா? விட்டுடு. அந்தப் பொண்ணு பச்சையாயிடுச்சு. இனி அந்த அறைக்கு அனுப்ப மாட்டாங்க. உனக்கு வேண்டியது அதுதானே? வாயை மூடிட்டு இரு. உன்னால அது முடியாதுன்னு தெரியும். ஒரு நாள் மட்டும் இரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பொய்யான ஒரு சிவப்பைப் பொய்யான ஒரு பச்சை அழித்துவிட்டது. பிள்ளை தப்பித்தது. இதற்கு மேல் எதற்குக் கிளற வேண்டும்? கரடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழுத்தை நெரிக்க முடியாததால், டீச்சர் டேப்பை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார். ஸ்கேலைக்கூட மேசை இழுப்பறையில் போட்டு மூடியிருந்தார். வகுப்பறை முழுக்கப் பெற்றோர். ஆமையின் அம்மா, தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடிவந்திருக்க வேண்டும், அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. கெட்ட செய்தியை வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருப்பவர் மாதிரி கைகளை மடியில் வைத்திருந்தார்.

பளிச் ஸ்மார்ட் போர்டுக்கு முன் நின்று, அந்தப் பச்சைப் புல்வெளியைக் காட்டினார். கைதட்டல். பிறகு குரலைத் தழைத்தார்.

"இந்த வகுப்புல ஒரு குழந்தை இருக்காங்க. மூணு மாசமா சிவப்பு. நாங்களே நம்பிக்கையை விட்டுட்டோம். ஆனா ஒரே சாயங்காலம்! வீட்ல உட்கார்ந்து, விடாம முயற்சி பண்ணி, பின்னங்கள்ல நிபுணர் ஆயிட்டாங்க! இதுதான் இந்த டேப்போட சக்தி. வாங்கம்மா, முன்னாடி வாங்க!"

ஆமையைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். சட்டையில் குத்த ஒரு தங்க நிறப் பதக்கம் தயாராக இருந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய சார் போட்டோவுக்கு வாகாகப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது நான் பண்ணல" என்றாள் ஆமை. மூன்று மாதம் கழித்து அந்த அறையில் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை.

"கூச்சப்படறாங்க" என்று பளிச் சிரித்தார்.

ஆமை பதக்கத்தைப் பார்த்தாள். தன் பேருக்கு எதிரே இருந்த பச்சையைப் பார்த்தாள். எல்லாத் தலைகளுக்கும் மேலாகப் பின்சுவரில் நின்றவரைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் ஒண்ணுமே பண்ணல. ஏன் பச்சை?"

எந்தக் கேள்வியை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாரோ, அது அவரிடமே வந்து நின்றது. மூடிவைத்த வாய் இதற்கு மேல் தாங்குமா?

"பதக்கத்தைக் குத்தாதீங்க!"

கண்டக்டர் குரல். பளிச்சின் கையிலிருந்து பதக்கம் கீழே விழுந்தது. டீச்சர் போனை எடுத்தார். வீட்டுக்காரர் கடை எதிர்த்தெருவில்தான், பகலில் வாலுவும் அங்கேதான்.

"ஏங்க, வாலுவைத் தூக்கிட்டு வாங்க. இப்பவே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தெரியும். செருப்பு மாட்டிட்டுதான் இருக்கேன்."

அவர் வந்து சேரும்வரை பெரிய சார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். டீச்சர் அசையவில்லை. வாலுவை ஸ்மார்ட் போர்டின் முன்னால் ஒரு நாற்காலி போட்டு ஏற்றி நிறுத்தினார்கள். டீச்சர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"வாலு, இது எத்தனை?"

"ரெண்டு."

பெற்றோர் சிரித்தார்கள். டீச்சர் பின்னங்கள் பாடத்தைத் திறந்துவிட்டு விலகி நின்றார். வாலுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டட், டட், மினுக். டட், டட், மினுக். ஆளுயரக் கரடி போர்டு முழுக்க ஆடியது. நாற்காலி மேல் வாலுவும் ஆடினான், விழாமல் அப்பா பிடித்துக்கொண்டார். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு காகிதப் பூ கொட்டி, 'நீ இப்போது பின்னங்களில் நிபுணர்!' என்று எழுத்து வந்தபோது, முன்வரிசையில் ஒரு அம்மா சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கரடியின் பாட்டு மட்டும்தான் கேட்டது.

புல்லட்டின் அப்பா மெதுவாக எழுந்தார். "அப்ப... எங்க பையன்?" என்றவர் மகனைப் பார்த்து முறைத்த முறைப்பில் புல்லட் பாதியாகிவிட்டான்.

"அவனை முறைக்காதீங்க" என்றார் டீச்சர். "மூளை இருக்கறவன். மூளைக்கு நாம போட்ட தீனி இவ்வளவுதான். முறைக்கணும்னா என்னை முறைங்க. முதல்ல கை தூக்கினவ நான்தான். திருத்தற வேலையைத்தான் இதுக்குக் கொடுத்தேன். இது பிள்ளைங்க யோசிக்கிற வேலையையும் சேர்த்து எடுத்துக்கிச்சு. நான் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வகுப்புல ஒருத்திதான் தெரியாம தட்ட மாட்டேன்னு சொன்னா. அவளைத்தான் உடைஞ்ச பெஞ்சு பக்கத்துல கொண்டுபோய்ப் போடப் பார்த்தோம்."

ஆமையின் அம்மா எழுந்தார். "எம் பொண்ணு எங்கயும் போக மாட்டா சார்." மற்ற பெற்றோரும் எழுந்தார்கள். பெரிய சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மாற்றம் ஒத்திவைக்கப்படுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒத்திவைப்பு. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வார்த்தை எப்போதும் கைவசம் இருக்கிறது.

எல்லாம் சுபமாகிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். திங்கட்கிழமை டீச்சருக்கு மெமோ வந்தது. பள்ளிச் சொத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று வெளியாளைப் பயன்படுத்த அனுமதித்தது ஏன்? டீச்சர் பதில் எழுதினார்: 'வெளியாளுக்கு வயது மூன்று. டேப் கம்பெனியின் ரிப்போர்ட்டின்படி பின்னங்களில் நிபுணர்.' அதற்குப் பதில் மெமோ இன்னும் வரவில்லை. கம்பெனிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று புதிதாக ஒன்றை டேப்பில் ஏற்றிக் கொடுத்தார்கள். இனி விடை மினுமினுப்பது இரண்டு தப்புக்குப் பிறகு இல்லை, மூன்று தப்புக்குப் பிறகு.

"ஒரு தட்டு ஜாஸ்தி டீச்சர், வேற ஒண்ணும் இல்ல" என்று மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் புல்லட் வந்து தகவல் சொன்னான்.

அன்று பீரியடில் டீச்சர் டேப்புகளைக் கவிழ்க்கச் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்தார். கரும்பலகை போர்டுக்கு அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. சுவரில் எழுதினால் இன்னொரு மெமோ. சுற்றிப் பார்த்தவர், வகுப்பறைக் கதவைச் சாத்தினார். கதவின் உள்பக்கம் கரும்பச்சைப் பெயின்ட். அதில் ஒரு பெரிய கட்டம் போட்டு, மேலே தலைப்பை எழுதினார். பழைய தலைப்பேதான்.

"முக்கால் மீட்டர் துணி. அதுல பாதி எவ்வளவு? ஆப்ஷன் கேட்கறவன் காதைத் திருகுவேன்."

யாரும் வாய் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் பெஞ்சில் அலைந்தன. டீச்சரும் அவசரப்படவில்லை. இந்த அமைதி அந்தப் பழைய டட் டட் அமைதி இல்லை, இதற்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு கை பாதிவரை எழுந்து, யோசித்து, முழுசாக எழுந்தது. ஆமை.

"மேல ஒன்றரை, கீழ ரெண்டு, டீச்சர்."

புல்லட் பக்கத்துப் பையனிடம் தப்பு என்று கிசுகிசுத்தான். டீச்சரின் முகம் சீட்டாடுகிறவர் முகமாக மாறியது.

"சரி. ஏன்?"

ஆமை பெஞ்சில் விரலால் ஒரு கோடு போட்டாள். "முக்கால்னா மேல மூணு, கீழ நாலு. பாதின்னா எல்லாத்தையும் பாதியாக்கணும்ல? மூணுல பாதி ஒன்றரை. நாலுல பாதி ரெண்டு."

"சரி. அப்ப உங்கம்மா அந்தத் துணியை வெட்டினதுக்கு அப்புறம் எவ்வளவு துணி கையில இருக்கு?"

ஆமை தரையைப் பார்த்தாள். டேப்பாக இருந்தால் இந்நேரம் டொய்ங் என்று கத்திவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடியிருக்கும். டீச்சர் நின்றார். வகுப்பு நின்றது. ஆமை பெஞ்சில் விரலால் ஒரு துணியை விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். அவள் புருவம் நெளிந்தது, பிறகு மேலே ஏறியது.

"டீச்சர்!" என்று கிட்டத்தட்டக் கத்தினாள். "குறையவே இல்ல டீச்சர்! ரெண்டுல ஒன்றரைன்னா அதே முக்கால்தான்! நான் வெட்டவே இல்ல!"

புல்லட் வாயைப் பிளந்தான். பிறகு அவன் விரலும் பெஞ்சில் இறங்கித் துணி மடிக்கத் தொடங்கியது.

டீச்சர் கதவுப் பக்கம் திரும்பி, அந்தத் தப்பைப் பெரிய எழுத்தில் கட்டத்துக்குள் எழுதினார். கீழே அவள் பேரின் முதல் எழுத்தைப் போட்டார். எழுதி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தபடியே நின்றார். சாக்பீஸ் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை. அப்புறம் மேசைக்கு வந்து, இழுப்பறையைத் திறந்து, ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார்.

பிள்ளைகள் சந்தோஷமாகக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பக்கத்து வகுப்பில் யாரோ எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றான்.